கணக்குப் பலகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

கூட்டுறவுச் சங்கம் என்பது அங்கத்தினர் தம் பொருளைத் தாமே ஆளும் அமைப்பு. பொருளை ஆள வேண்டுமாயின் கணக்கை அறிதல் வேண்டும். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் சிலரையும் உள்ளிட்ட 28 பேர் கூடி ஒரு சிறு பண்டகசாலையைத் தொடங்கினர். கணக்கு விவரங்களை அடிக்கடி அங்கத்தினர்முன் வைத்தல் வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட கொள்கைகளுள் ஒன்று. கலப்படமற்ற மாவும் சரியான எடையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது மறைவற்ற கணக்கு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் சங்கங்களிலும் ஆண்டுதோறும் தணிக்கை நடைபெறுகிறது. பொதுச்சபையில் ஐந்தொகை படிக்கப்பெறுகிறது. ஆயின் அப்போது நாம் அறிவது சென்ற ஆண்டின் செய்தி. இம்மாதம் எந்த ரகச் சேலைக்குப் பாவு ஏற்றுவது, கிடங்கிலுள்ள மஞ்சளை இப்போது விற்பதா, பொறுத்து விற்பதா என்பன போன்ற முடிவுகளுக்குச் சென்ற ஆண்டின் ஐந்தொகை போதாது. இன்றைய இருப்பும் இன்றைய வரவும் தெரிதல் வேண்டும். இத்தேவைக்காக ஏற்பட்டதே கணினியில் இயங்கும் கணக்குப் பலகை. ஆங்கிலத்தில் இதனை டாஷ்போர்டு என்பர்.

சங்கங்களின் கணக்குகள் நாளுக்கு நாள் கணினிக்கு மாறி வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் செலவிலான திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. கணக்கு கணினிக்கு வந்தபின், அதனைப் படமாக்கிக் காட்டும் கருவிகளை விற்க முகவர்களும் வருவர். கருவிகளோ பல, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுள் எதைத் தேர்வது, எவ்வாறு தேர்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

1. பலகை என்பது யாது?

டாஷ்போர்டு என்னும் சொல் முதலில் குதிரை வண்டியைச் சார்ந்தது. குதிரையின் குளம்பு வாரியிறைக்கும் சேறு, வண்டியோட்டியின்மேல் படாதவாறு முன்புறம் அடித்த பலகைக்கு அப்பெயர் வழங்கிற்று. மோட்டார் வண்டி வந்தபின், வேகம், எண்ணெய் முதலியவற்றைக் காட்டும் முள்கள் அவ்விடத்தில் அமைந்தன. இன்று ஒரு நிறுவனத்தின் நிலையை ஒரே பார்வையில் காட்டும் கணினித் திரைக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

இத்துறை முழுவதற்கும் வழங்கும் பெயர் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்பது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் ஆராய்ச்சியாளர் 1958-ஆம் ஆண்டிலேயே இத்தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேண்டிய செய்தி, வேண்டியவருக்கு, வேண்டிய காலத்தில் தானே சென்று சேரவேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இன்றைய கருவிகள் யாவும் அதனையே செய்ய முயல்கின்றன.

பலகை நம் கண்முன் தோன்றுமுன் நான்கு படிகள் உள்ளன. முதலாவது, குமாஸ்தா பதிவு செய்யும் மூலக்கணக்கு: நூல் வழங்கல், துணி வரவு, கூலி, விற்பனை, கொள்முதல். இரண்டாவது, அக்கணக்கைச் சேமித்து வைக்கும் தரவுத்தளம் அல்லது கணக்குத்தாள். மூன்றாவது, எதை எதனுடன் கூட்டுவது, எதைக் கழிப்பது என்னும் விதிகள். நான்காவது, படம். முகவர் நமக்குக் காட்டுவது நான்காவது படியை மட்டுமே. நாம் ஆராய வேண்டியவை முதல் மூன்று படிகள்.

2. இன்று வழங்கும் கருவிகள்

டேப்லோ என்பது அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து 2003-ஆம் ஆண்டில் தோன்றியது. எண்களைப் பல கோணங்களில் புரட்டிப் பார்த்துப் படமாக்குவதில் தேர்ந்தது. 2019-இல் சேல்ஸ்போர்ஸ் என்னும் நிறுவனம் இதனை வாங்கிற்று.

பவர் பிஐ என்பது மைக்ரோசாப்டு நிறுவனத்தின் கருவி. 2015 ஜூலையில் பொது உபயோகத்திற்கு வந்தது. எக்செல் பழகியவர்களுக்கு இதன் நடை ஓரளவு அறிமுகமானதாகத் தோன்றும். படங்களை உருவாக்கும் டெஸ்க்டாப் பகுதி இலவசம். ஆனால் விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும்.

கூகிள் நிறுவனம் 2016-இல் டேட்டா ஸ்டூடியோ என்ற பெயரில் ஓர் இலவசக் கருவியை வெளியிட்டு, 2022 அக்டோபரில் அதற்கு லுக்கர் ஸ்டூடியோ எனப் பெயர் மாற்றிற்று. லுக்கர் என்ற பெயரில் அந்நிறுவனத்திற்கு வேறொரு கருவியும் உண்டு. அது பெரிய நிறுவனங்களுக்கானது. விலையும் அமைப்பும் முற்றிலும் வேறு. பெயரொற்றுமையால் ஒன்றை மற்றொன்றாகக் கருதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாகாது.

இவையன்றித் திறமூலக் கருவிகள் என ஓர் இனம் உண்டு. இவற்றின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும். நம் கணினியிலேயே நிறுவிக் கொள்ளலாம். மெட்டாபேஸ் என்பது அவற்றுள் எளியது. நிரல்மொழி அறியாதவரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் கேள்வி கேட்க வசதி செய்திருக்கின்றனர். அப்பாச்சி சூப்பர்செட் என்பது 2015-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தோன்றி, 2021-இல் அப்பாச்சி அறநிறுவனத்தின் முழுநிலைத் திட்டமாயிற்று. ஆற்றல் மிக்கது, நிறுவுவதும் பேணுவதும் சற்றுக் கடினம். கிராபானா 2014-இல் தோன்றியது. நொடிக்கு நொடி மாறும் அளவுகளைக் காட்டுவதே இதன் சிறப்பு. குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலை வரம்பு மீறினால் எச்சரிக்கை அனுப்புவது போன்ற வேலைக்கு இது பொருந்தும். மாதாந்தர விற்பனைக் கணக்கிற்கு மற்றவை பொருந்தும்.

இவற்றுள் எதைக் கொண்டும் தூண்படம், கோட்டுப்படம், வட்டப்படம், பட்டியல் ஆகியவற்றை வரையலாம். ஆதலின் படத்தின் அழகைக் கொண்டு ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த இடமில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அதனை அறிய ஐந்து கேள்விகளை எழுப்புவோம்.

3. முதற் கேள்வி: நமக்குப் பலகை தேவைதானா?

நிர்வாக சபை ஒவ்வொரு கூட்டத்திலும் விடை தேடும் கேள்விகளை முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். எந்த ரகம் 90 நாட்களுக்கு மேல் இருப்பில் தேங்கியுள்ளது? எந்த விற்பனைக் கிளையிலிருந்து பணம் வரவேண்டியுள்ளது? எத்தனை தறிகளுக்கு இம்மாதம் பாவு கிடைக்கவில்லை? இவ்வாறு ஐந்தாறு கேள்விகள் போதும். ஒரு கேள்விக்கான விடை எந்த முடிவையும் மாற்றாது எனின், அக்கேள்விக்குப் பலகையில் இடம் தரவேண்டுவதில்லை.

கேள்விகள் சில, கணக்கு ஒரே ஏட்டில், பதிவுகள் சில ஆயிரம் என்னும் நிலையிலுள்ள சிறு சங்கத்திற்கு, எக்செல் போன்ற கணக்குத்தாளும் அதிலுள்ள தொகுப்புப் பட்டியலுமே போதுமானவை. புதுக் கருவி வேண்டியதில்லை. ஆனால் கணக்குத்தாளுக்கும் எல்லை உண்டு. எக்செல் தாளொன்றில் 10,48,576 வரிசைகள் அடங்கும். பழைய வகைக் கோப்பில் 65,536 வரிசைகளே அடங்கும். 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத்துறை, ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய வகைக் கோப்பில் ஏற்றிற்று. எல்லைக்கு மேற்பட்ட வரிசைகள் ஓசையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. கருவி பிழை என்று கூறவில்லை. எல்லையை அறியாது பயன்படுத்தியதே பிழை. கணக்கு எல்லையை நெருங்கும்போதோ, பல கிளைகளின் கணக்கைத் தினந்தோறும் இணைக்க நேரும்போதோ, பலகைக் கருவிக்குச் செல்வது முறை.

4. இரண்டாம் கேள்வி: சொல்லின் பொருளை எழுதுவது யார்?

இப்பாடத்தின் உயிர்நிலை இதுவே. நெசவாளர் யாவரும் நூலின் நம்பரை அறிவர். 840 கெஜ நீளமுள்ள கழிகள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குகின்றனவோ, அந்த எண்ணே நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்று ஆலை சொன்னாலும், வியாபாரி சொன்னாலும், நெசவாளர் சொன்னாலும் பொருள் ஒன்றே. அவ்வாறு வரையறை செய்திருப்பதனால்தான் நாம் காணாத ஆலையிலிருந்து நூலை நம்பி வாங்குகிறோம். விற்பனை, இருப்பு, கொள்முதல் என்னும் சொற்களுக்கு அத்தகைய வரையறை நம் சங்கங்களில் உண்டா?

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு நெசவாளர் சங்கம் ஒரு பருவத்தில் 10,00,000 ரூபாய் மதிப்புள்ள சேலைகளைக் கிளைகளுக்கு அனுப்பிற்று. அவற்றுள் குறித்த விலைப்படி 8,00,000 ரூபாய்க்கான சரக்கு விற்றது. 20 சதவீதத் தள்ளுபடி 1,60,000 ரூபாய் போக, வரவேண்டியது 6,40,000 ரூபாய். இதில் 1,40,000 ரூபாய் கடன் விற்பனை. கைக்கு வந்தது 5,00,000 ரூபாய். இப்போது விற்பனை எவ்வளவு? 10, 8, 6.4, 5 லட்சம் என நான்கு விடைகள் கூறலாம். தள்ளுபடியை அரசு பின்னர் ஈடுசெய்வதாயின், அத்தொகையை எங்கே காட்டுவது என்ற கேள்வியும் எழும். நான்கு எண்களும் பொய்யல்ல. ஆனால் பலகையில் விற்பனை என்ற தலைப்பின்கீழ் நான்கில் எது தோன்றுகிறது என்பதைக் கண்டவர் அறிய வழியில்லை. 10 லட்சம் என்ற எண்ணை நம்பி அதே ரகத்திற்கு மேலும் பாவு ஏற்றினால், சரக்கு கிளையில் தேங்கும், பணம் முடங்கும், இறுதியில் தாமதமாவது நெசவாளரின் கூலி.

விளைவிப்போர் சங்கத்திலும் இதே சங்கடம் உண்டு. விதையோடு கூடிய பருத்தியை அரைத்தால் கிடைக்கும் பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரு கிளை பருத்தியின் எடையையும், மற்றொரு கிளை பஞ்சின் எடையையும் கொள்முதல் என்று பதிவு செய்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் இரண்டையும் கூட்டிப் பொருளற்ற ஓர் எண்ணையே காட்டும். கருவிக்குப் பருத்தி வேறு, பஞ்சு வேறு என்று தெரியாது.

இவ்விதிகளை ஒவ்வொரு கருவியும் ஒவ்வோரிடத்தில் எழுதி வைக்கிறது. பவர் பிஐயில் டாக்ஸ் என்னும் தனி வாய்பாட்டு மொழியில் எழுதுவர். டேப்லோவில் கணித்த புலங்கள் என்று அமைப்பர். பெரிய லுக்கரில் அதற்கென்றே ஒரு வரையறை மொழி உண்டு. மெட்டாபேஸ், சூப்பர்செட் ஆகியவற்றில் தரவுத்தளத்தில் வழங்கும் எஸ்.கியூ.எல். மொழியையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே விதியை எழுதிக்கொண்டு போவதைக் காட்டிலும், ஒரே இடத்தில் எழுதி எல்லாப் படங்களும் அதனையே எடுத்துக்கொள்ளுமாறு அமைப்பது நலம். முகவரிடம் கேட்க வேண்டியது இதுவே: ‘விற்பனை என்ற சொல்லின் விதி எங்கே இருக்கிறது? அதனை எங்கள் காரியதரிசி திறந்து படிக்க இயலுமா? மாற்றினால் மாற்றியவர் யார் என்று தெரியுமா?’ இதற்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை படத்தைப் பாராட்ட வேண்டாம்.

5. மூன்றாம் கேள்வி: உண்மைச் செலவு எவ்வளவு?

தலைக்கு இவ்வளவு என மாத வாடகை வாங்கும் கருவிகள் ஒரு வகை. பவர் பிஐயில் ஒருவர் தமக்காகப் படம் வரைந்து கொள்ளக் கட்டணமில்லை. பிறரோடு முறைப்படி பகிர்ந்து கொள்ள வேண்டுமாயின், சாதாரணமாகப் பகிர்பவருக்கும் பார்ப்பவருக்கும் புரோ உரிமம் வேண்டும். இவ்வுரிமத்தின் அமெரிக்கப் பட்டியல் விலை தலைக்கு மாதம் 10 டாலராக இருந்து, 2025 ஏப்ரலில் 14 டாலராக உயர்ந்தது. நிர்வாக சபையார் 9 பேர், காரியதரிசி, குமாஸ்தா என 11 பேருக்குக் கணக்கிட்டால், பழைய விலையில் ஆண்டுக்கு 1,320 டாலர். புதிய விலையில் 1,848 டாலர். சங்கம் எதையும் கூடுதலாகப் பெறாமலேயே 528 டாலர் செலவு மிகுந்தது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் வாடகை உயரும் என்பதை எதிர்பார்த்தே வரவு செலவுத் திட்டம் வகுக்க வேண்டும். டேப்லோவில் படைப்பவர், ஆராய்பவர், பார்ப்பவர் என மூவகை உரிமங்கள் வெவ்வேறு விலையில் உள்ளன. நம்மில் எத்தனை பேர் எவ்வகை என்று எண்ணிய பின்னரே விலை கேட்க வேண்டும்.

செலவைக் குறைக்க ஒருவர் பெயரில் உரிமம் பெற்றுப் பதினொருவரும் அதே கடவுச்சொல்லைப் பயன்படுத்தலாமே எனச் சிலர் கருதலாம். அது ஒப்பந்தத்திற்கு மாறானது. அன்றியும் யார் எதைப் பார்த்தார், யார் எதை மாற்றினார் என்னும் தடயம் அழிந்துபோம். அதனினும் இருவர் மூவருக்கு உரிமம் பெற்று, மாதந்தோறும் அச்சிட்ட பிரதியைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நேர்மையானது. அங்கத்தினர் அனைவர்க்கும் பயன்படுவது.

திறமூலக் கருவிகளுக்கு உரிமக் கட்டணமில்லை எனினும் செலவில்லை என்று எண்ணலாகாது. அவற்றை இயக்கச் சர்வர் வேண்டும். அவ்வப்போது புதுப்பிக்கவும், பாதுகாப்புப் பிரதி எடுக்கவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். மெட்டாபேஸ் நிறுவப்படும்போது தன் குறிப்புகளை எச்2 என்னும் சிறு தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். நிலையான உபயோகத்திற்கு அதனை போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்திற்கு மாற்றிவிட வேண்டுமென அதனை வெளியிடுவோரே கூறுகின்றனர். இதனைச் செய்யாதுவிட்டால் ஒரு நாள் வரைந்து வைத்த கேள்விகளும் படங்களும் ஒருங்கே அழிய நேரலாம். பல சங்கங்கள் ஓர் இணையத்தின் கீழ்க்கூடி, ஒரே சர்வரையும் ஒரே தொழில்நுட்ப ஊழியரையும் பொதுவில் வைத்துக் கொண்டால் இச்செலவு பகிரப்படும். இது கூட்டுறவுக்கு இயல்பான வழி.

6. நான்காம் கேள்வி: யார் காணலாம்?

சங்கத்தின் மொத்த நிலை அங்கத்தினர் அனைவரும் அறியத்தக்கது. ஓர் அங்கத்தினரின் கடன் பாக்கி, வங்கிக் கணக்கு எண், கூலி முன்பணம் ஆகியவை ஊரார் அறியத்தக்கவை அல்ல. தனியார் விவரங்களைக் காப்பதற்கென 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னணு வடிவிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. சட்டம் ஒருபுறமிருக்க, நம்பிக்கை குலைந்த சங்கத்தில் அங்கத்தினர் நிலைப்பதில்லை.

இலவசக் கருவிகளில் இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். டேப்லோ பப்ளிக் என்னும் இலவசப் பிரிவு, பெயருக்கேற்ப, படங்களை உலகோர் காண வெளியிடுவதற்கே ஏற்பட்டது. பவர் பிஐயில் வலையில் வெளியிடுக என்னும் வசதியைப் பயன்படுத்தினால், இணைப்பு முகவரி கிடைத்த எவரும் கடவுச்சொல்லின்றிக் காணலாம். கூகிள் கருவியிலும் இணைப்பு பெற்றவர் யாவரும் காணலாம் என்ற ஏற்பாடு உண்டு. இவ்வசதிகள் தீயன அல்ல. மொத்த உற்பத்தி, மொத்த விற்பனை போன்றவற்றை வெளியிட நன்கு உதவுவன. பெயர்ப்பட்டியல் அடங்கிய கணக்கோடு இவற்றை இணைத்தலே தீது.

ஒவ்வொரு கிளை மேலாளரும் தம் கிளையின் வரிசைகளை மட்டுமே காணுமாறு செய்யும் வசதிக்கு வரிசைநிலைப் பாதுகாப்பு என்று பெயர். பவர் பிஐயிலும் சூப்பர்செட்டிலும் இது உண்டு. மெட்டாபேஸின் இலவசப் பதிப்பில் இல்லை; கட்டணப் பதிப்பில் உண்டு. இத்தகைய வேற்றுமையே ஒன்றுபோல் தோன்றும் கருவிகளைப் பிரித்துக் காட்டுவது.

7. ஐந்தாம் கேள்வி: வெளியேற வழி உண்டா?

ஒரு கருவியில் நுழைவது எளிது, வெளியேறுவது அருமை. நிறுவனங்கள் கை மாறுகின்றன, பெயர் மாறுகின்றன, விலை மாறுகின்றன. மேலே கூறிய ஆண்டுகளை நோக்கின் இது விளங்கும். மூலக்கணக்கைப் பெரும்பாலான கருவிகளிலிருந்து எளிய உரைக்கோப்பாக வெளியே எடுத்துவிடலாம். ஆனால் அக்கணக்கின்மேல் எழுதிய விதிகள் உடன் வருவதில்லை. பவர் பிஐயின் டாக்ஸ் வாய்பாடுகளை டேப்லோ படிக்காது. டேப்லோவின் புலங்களைப் பவர் பிஐ படிக்காது. கருவியை மாற்றினால் விதிகளை முதலிலிருந்து எழுத வேண்டும். அவற்றை எழுதிக்கொடுத்த வெளியாள் அப்போது கிடைக்காவிட்டால், சங்கத்தின் கணக்கிலக்கணம் சங்கத்திற்கே தெரியாத நிலை ஏற்படும். அங்கத்தினர் ஆள வேண்டிய கணக்கை அயலார் ஆள்வதற்கு இதுவே வாயில்.

இதற்குக் காப்பு எளியது, செலவில்லாதது. சங்கம் ஒரு வரையறை ஏடு வைத்துக்கொள்ள வேண்டும். விற்பனை என்பது இது, இருப்பு என்பது இது, பாக்கி என்பது இத்தனை நாள் கடந்தது என்று தமிழில் எழுதி, நிர்வாக சபைக் கூட்டத்தில் படித்து, தீர்மானமாக நிறைவேற்றி, தேதியிட்டு வைத்தல் வேண்டும். கருவியிலுள்ள விதி இவ்வேட்டிற்குக் கட்டுப்பட்டது. ஏடு கருவிக்குக் கட்டுப்பட்டதன்று. ஏடு கையிலிருக்குமாயின் எக்கருவியிலிருந்தும் எக்கருவிக்கும் அச்சமின்றிச் செல்லலாம். மூலக்கணக்கின் தரவுத்தளமும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் கடவுச்சொல்லின்கீழ் இருத்தல் வேண்டும்.

8. ஒரு மாதப் பரீட்சை

ஐந்து கேள்விகளுக்கும் விடை கண்டபின் இரண்டு கருவிகள் எஞ்சும். அவற்றை ஒரு மாதம் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பது நன்று. பரீட்சை வருமாறு:

முதலாவது, சென்ற ஆண்டில் தணிக்கை முடிந்த ஒரு மாதத்தின் கணக்கை இரண்டிலும் ஏற்றுக. தணிக்கையாளர் கண்ட தொகையும் பலகை காட்டும் தொகையும் காசு வரை ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால் காரணம் தெரியும்வரை மேலே செல்லற்க.

இரண்டாவது, முகவர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை ஏற்காது, நம் ஏட்டிலுள்ள கணக்கையே கொடுக்க. மாதிரிக் கணக்கில் எழுத்துப்பிழை இராது. ஒரே நெசவாளர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிராது. நம் கணக்கில் இருக்கும்.

மூன்றாவது, தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தோன்றுகின்றனவா, அகரவரிசையில் அமைகின்றனவா என்று பார்க்க. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், ஒருங்குறிக்கு மாற்றப்பட்டாலன்றிக் கருவியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை மாற்றும் வேலையையும் செலவில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, கணக்கு எங்கேயிருந்து எவ்வாறு செல்கிறது என்று பார்க்க. சங்க அலுவலகக் கணினியிலுள்ள தரவுத்தளத்திலிருந்து பவர் பிஐயின் இணையச் சேவைக்குக் கணக்குத் தானே செல்ல வேண்டுமாயின், கேட்வே என்னும் இடைநிலை நிரலை நிறுவி, புதுப்பிக்கும் வேளையில் அக்கணினி இயங்குமாறு செய்தல் வேண்டும். புரோ உரிமத்தில் நாளொன்றுக்கு 8 முறை வரை புதுப்பிப்பை வகுத்து வைக்கலாம். மாலையில் ஒரு முறை நாளேடு முடிக்கும் சங்கத்திற்கு ஒரு முறையே போதும். நொடிக்கு நொடி என்ற விளம்பரத்திற்கு விலை கொடுக்க வேண்டா.

ஐந்தாவது, பலகையை அமைத்தவர் விடுப்பிலிருக்கும் நாளில், மற்றொருவரைக் கொண்டு ஒரு தலைப்பை மாற்றியும் ஒரு புதுக் கேள்விக்கு விடை கண்டும் பார்க்க. ஒருவரை மட்டுமே நம்பிய கருவி, அவர் பணி விட்டுச் சென்ற நாளில் நின்றுவிடும்.

9. முடிவாக

கணக்கு சிறிது, ஆள் சிலர் எனின் கணக்குத்தாளிலேயே நிற்க. ஏற்கெனவே கூகிள் தாள்களில் கணக்கு வைத்து, மொத்த எண்களை மட்டும் அங்கத்தினர்க்குக் காட்ட விரும்புவோர்க்கு அந்நிறுவனத்தின் இலவசக் கருவி பொருந்தும். விண்டோஸும் எக்செலும் பழகிய குமாஸ்தா இருந்து, பார்ப்போர் சிலராயின் பவர் பிஐ பொருந்தும். கணக்கைப் பல கோணத்தில் ஆராயும் பயிற்சி பெற்ற ஊழியரை வைத்துள்ள பெரிய இணையங்களுக்கு டேப்லோ பயன் தரும். பார்ப்போர் பலராகவும், சர்வரைப் பேண ஆளும் இருந்தால் மெட்டாபேஸ் அல்லது சூப்பர்செட் சிக்கனமானது. இவ்வரிசை தரவரிசையன்று, அவரவர் நிலைக்கேற்ற பொருத்தம்.

எதைத் தேர்ந்தாலும் வரையறை ஏடு முன்னே, கருவி பின்னே என்னும் முறை மாறலாகாது. பாவு பிசகினால் எவ்வளவு நல்ல ஊடு நூலும் துணியைச் செம்மையாக்காது. கணக்கிற்குப் பாவு போன்றது சொல்லின் வரையறை. அதனை அங்கத்தினர் தாமே இழுத்துக் கட்டுவாராயின், பலகை எதுவாயினும் அவர்க்குப் பணி செய்யும்.

ஆய்வு வட்டத்தில் பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் விற்பனை என்ற சொல்லுக்கு இப்போது எத்தனை பொருள்கள் வழங்குகின்றன? கிளை, அலுவலகம், தணிக்கை அறிக்கை மூன்றிலும் ஒன்றேயா?

2. சென்ற மூன்று நிர்வாக சபைக் கூட்டங்களில், கணக்கு கைவசம் இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்ட முடிவுகள் யாவை?

3. நம் கணக்கில் எல்லா அங்கத்தினரும் காணத்தக்கவை யாவை? காணலாகாதவை யாவை? இதனை முடிவு செய்யும் அதிகாரம் யாருடையது?

4. இன்று கணக்கைக் கவனிக்கும் ஊழியர் நாளை வாராவிடின், மூலக்கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் வேறு யாரிடம் உள்ளது?

5. நம் வட்டாரத்திலுள்ள எந்தெந்தச் சங்கங்களுடன் கூடி ஒரு சர்வரையும் ஓர் ஊழியரையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்?